முப்பதாம் தேதித் தாள்

கடிதம் எண் 1
2013 மார்ச் 4, திங்கட்கிழமை, காலை 6.40
பொருள்: உன் கணவனின் உடல்நிலையும் உன் ஆய்வகத்து மருந்தும்

மருமகளுக்கு,

நீ இந்த வீட்டை விட்டுப் புறப்பட்டது பிப்ரவரி 24, ஞாயிற்றுக்கிழமை மாலை. மாடிப்படியில் நின்று நான் அப்போது சொன்ன சொற்களை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. திரும்பப் பெறுவதாகவும் இல்லை. தொலைபேசியில் பேசினால் நீ அழுவாய். காதுக் கருவி இரைந்து எனக்குப் பாதி கேட்காது. கேளாத பாதிக்கும் சேர்த்துக் கத்துவேன். ஆகவே எழுதுகிறேன்.

அவன் நிலை பின்வருமாறு. கண்களின் மஞ்சள் குறையவில்லை. கால் வீக்கம் முழங்காலைத் தொட்டுவிட்டது. படுக்கையை முன்னறைக்கு மாற்றியிருக்கிறேன். சன்னலை ஒட்டிப் பள்ளிக்கூட மதில் இருப்பதால் காலை முதல் இரைச்சல். மாற்றிவிடட்டுமா என்றேன். "வேணாம்பா, இருக்கட்டும். இத்தன வருசம் லிஃப்டுக்குள்ளயே நின்னு செவிடாப் போச்சு. கொஞ்சம் சத்தம் கேக்கட்டும்" என்றான். லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்குப் படுத்த படுக்கையிலும் கிண்டல் போகவில்லை. நேற்று அவனைத் தூக்கி உட்காரவைக்க நான் திணறியபோது, "ஓவர்லோடுப்பா, ஒருத்தர் எறங்குங்க" என்கிறான்.

நீ மேசையில் விட்டுச்சென்ற கட்டுரையை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருமுறை படித்தேன். எனக்கு விளங்கியது இது. கல்லீரல் புற்றின் உயிரணுவுக்கு ஒரு தோல் இருக்கிறது. அதைச் சவ்வு என்கிறாய். அந்தச் சவ்வில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒரு புரதம் செருகியிருக்கிறது. அது மிகுதியாக இருக்கும் புற்று, பக்கத்திலுள்ள ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் கிளைவிடச் செய்து, அந்த ரத்தத்தைக் குடித்து வளர்கிறது. குடிநீர் வாரியத்தில் பொறியாளனாக இருந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம். பிரதான குழாயிலிருந்து கள்ள இணைப்பு இழுப்பவர்களைப் பிடித்தே என் தலை நரைத்தது.

அந்தப் புரதத்தை மூடும் மருந்தும் உங்களிடம் இருப்பதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அப்படியிருக்க நீ அங்கே எலிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாய். உன்னைக் கட்டியவன் இங்கே கிடக்கிறான். மருந்தை எடுத்துக்கொண்டு வா. வர இயலாது என்றால் ஏன் இயலாது என்பதை வரிசையாக எழுது.

இப்படிக்கு,
உன் மாமனார்

---

மார்ச் 9

மாமா,

வரிசையாக எழுத எனக்கு வராது. முயல்கிறேன்.

உங்கள் கள்ள இணைப்பு உவமை ஏறக்குறையச் சரி. ஒரே ஒரு திருத்தம். உங்கள் ஆள் திருட்டுக் குழாய் போட்டுக்கொண்டு அதே வீட்டில்தான் குடியிருப்பான். இது அப்படியில்லை. தான் இழுத்த குழாய்க்குள்ளேயே இறங்கி வேறு ஊருக்குப் போய்விடும். அந்தப் புரதம் செய்யும் இரண்டாவது வேலை அதுதான்: உயிரணுவுக்குப் பக்கத்து உயிரணுவோடு இருக்கிற பிடியைத் தளர்த்திவிடுவது. பிடி விட்டது ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய் ஒட்டிக்கொள்ளும். பிப்ரவரியில் டாக்டர் படத்தை விளக்குக்கு முன் பிடித்துக் காட்டினாரே, நுரையீரலில் அந்தப் புள்ளிகள், அவை அப்படி வந்தவை. உங்கள் மகனுடைய கல்லீரலில் ஊசி வைத்து எடுத்த திசுவுக்குச் சாயம் ஏற்றி நானே பார்த்தேன். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். கண்ணாடித் தகடு முழுக்கப் பழுப்பு. பார்த்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மருந்தை எடுத்துவர முடியாது. அது மனிதர் உடம்பில் இன்னும் ஏறியதே இல்லை. நல்ல கல்லீரலிலும் அந்தப் புரதம் கொஞ்சம் இருக்கிறது. அங்கே போய் மருந்து என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. இருக்கிற நாட்களையும் நான் பிடுங்கிவிடலாம். அதைச் செய்ய என்னால் ஆகாது.

இப்போது நடப்பது இதுதான். மனிதக் கல்லீரல் புற்றை எலிகளுக்குள் வைத்து, பாதிக்கு மருந்தும் பாதிக்கு வெறும் உப்புநீரும் போடுகிறோம். போடுவது என்கூட வேலை செய்கிறவர். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். வாரம் ஒருமுறை மெல்லிய திசுச் சீவல்களில் ரத்தக் குழாய்களையும் நுரையீரல் புள்ளிகளையும் எண்ணுவது நான். எந்தக் கூண்டுக்கு மருந்து போனது என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்தால் என் கண் ஆசைப்பட்டதை எண்ணும். அதனால் எல்லாம் முடிகிற ஏப்ரல் முப்பதாம் தேதிதான் அக்கா வாயைத் திறப்பார். நல்லபடியாக வந்தால், மனிதர்களுக்கு அனுமதி கேட்டு அன்றைக்கே விண்ணப்பம் போகும். அவசர நிலையில் இருக்கிறவர்களுக்கு முன்னதாகவே கொடுக்க ஒரு வழி உண்டு. அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

உங்கள் மகனிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

மருமகள்

பின்குறிப்பு: கால் வீக்கத்துக்குத் தலையணையைக் காலுக்கடியில் வையுங்கள். தலைக்கு உயரமாக வைத்தால் மூச்சு வாங்கும் என்று நினைத்து வைக்காமல் விட்டுவிடாதீர்கள், அதுவும் வேண்டும்.

---

கடிதம் எண் 2
2013 மார்ச் 18, திங்கட்கிழமை, காலை 6.15
பொருள்: ஏப்ரல் 30
பார்வை: உன் மார்ச் 9 கடிதம், கிடைத்தது மார்ச் 13. (கடிதத்தில் ஆண்டு குறிப்பிடப்படவில்லை. குறிப்பிடுவது நல்லது.)

மருமகளுக்கு,

தலையணைகள் இரண்டும் வைக்கப்பட்டன. வீக்கம் சிறிது மட்டுப்பட்டது.

அவனிடமும் சொல்லியிருக்கிறாய் என்பதை அறிந்தேன். அறியாமல் இருக்க முடியாதபடி செய்துவிட்டான். சுவரில் மாட்டியிருக்கும் தினசரித் தேதித்தாளை எடுத்துத் தரச் சொன்னான். தாள்களைப் புரட்டிப் புரட்டி, ஏப்ரல் 30, செவ்வாய்க்கிழமையைக் கண்டுபிடித்து, பேனாவால் ஒரு வட்டம் போட்டான். படுத்தபடி போட்ட வட்டம் முட்டை மாதிரி வந்தது. "முட்டை வாங்கிட்டேன்பா" என்று சிரித்தான். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கு என்ன தேதி?" சொல்கிறேன். விரல் மடித்து எண்ணுகிறான். எண்ணி முடித்த பின்தான் மருந்தைக் குடிக்கிறான். தேதியைச் சொல்லாவிட்டால் வாய் திறப்பதில்லை.

மார்ச் 15 அன்று டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். வாசலில் என்னைத் தனியே நிறுத்தி, "ஐயா, நீங்க அந்தத் தேதிய ரொம்ப நம்பிக்கிட்டு இருக்காதீங்க" என்றார். எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை. அவன் அவருக்கும் காட்டியிருக்கிறான்.

இப்போது நான் கேட்கப்போவது என் வாழ்நாளில் யாரிடமும் கேட்டறியாத ஒன்று. மாலை நீரழுத்த அளவைக் காலையிலேயே எழுதிவைத்த ஒரு பம்ப் இயக்குபவரை நான் பணிநீக்கத்துக்குப் பரிந்துரைத்தவன். இருந்தும் கேட்கிறேன். முப்பதாம் தேதி வரை காத்திராமல், உன் அக்காவிடம் இப்போதே கேள். நல்ல செய்தி என்றால் விண்ணப்பம் ஆறு வாரம் முன்பாகப் போகும் அல்லவா? ஆறு வாரம் என்பது அவனுக்கு என்ன என்று உனக்குத் தெரியும்.

நீ கேட்கமாட்டாய் என்றால் அதையும் ஒரு வரியில் எழுது. மாடிப்படியில் சொன்னதை மீண்டும் சொல்லமாட்டேன். நினைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் மாமனார்

---

மார்ச் 30, 2013

மாமா,

கேட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்து ஆறு நாள் கேட்காமல் இருந்தேன். கடைசியில் வியாழக்கிழமை மதியம், அக்கா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன். திரும்பாமலே, "வேணாம்டி" என்றார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"எந்த வரிசைக் கூண்டுக்கு மருந்துன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்லிட்டா மிச்சம் நாலு வாரமும் குப்ப. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"நாம ரெண்டு பேரும் இத்தன வாரம் வாயக் கட்டிக்கிட்டு எதுக்கு இருந்தோம்? நம்ம லேப் பெரியவருக்கு யாருடி பதில் சொல்றது?"

"நான் சொல்றேங்க்கா. எங்க வீட்டுக்காரரு தேதிய எண்ணிக்கிட்டு இருக்காரு."

குழாயை மூடவே இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம், "சன்னல் பக்கத்து வரிசை" என்றார். சொல்லிவிட்டு என்னைவிட அதிகமாக அழுதது அவர்தான்.

என் எண்ணிக்கைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மருந்து போன எலிகளின் கல்லீரலில் புது ரத்தக் குழாய்கள் பாதிக்கும் கீழே. கட்டி சிறுத்திருக்கிறது. இத்தனை வருட வேலையில் நான் பார்த்த மிக அழகான எண்கள். நுரையீரலில் வித்தியாசமே இல்லை. மருந்து வாங்கிய எலிக்கும் உப்புநீர் வாங்கிய எலிக்கும் அதே புள்ளிகள், அதே வேகம். மருந்து தொடங்கும் முன்பே பிடி விட்டுக் கிளம்பியவை போய்ச் சேர்ந்த இடத்தில் இந்தப் புரதம் இல்லாமலே பிழைத்துக்கொள்கின்றன. நீங்கள் பிரதான குழாயை அடைத்துவிட்டீர்கள். அவன் ஏற்கெனவே வேறு ஊரில் கிணறு வெட்டிவிட்டான்.

உங்கள் மகனுக்கு நுரையீரலில் புள்ளி வந்தாகிவிட்டது, மாமா. இந்த மருந்து நாளைக்கே அனுமதி வாங்கினாலும் அவருக்கு இல்லை.

அன்று மாலையே பெரியவரிடம் சொன்னேன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "முதல்லேர்ந்து ஆரம்பிங்க. புது எலி, புது ஆளு எண்ணட்டும்" என்றார். நான் கண்ட எண்களை இனி எங்கேயும் எழுத முடியாது. சரியான எண்களாகவே இருந்தாலும்.

நீங்கள் கேட்டதால் செய்தேன் என்று பழியை உங்கள் மேல் போடவில்லை. எனக்கும் கேட்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. இதைச் சொல்லமாட்டேன் என்று உங்கள் மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பிப்ரவரி 24 அன்று நான் ஓடிப்போகவில்லை. அவர்தான் அனுப்பினார். "இங்க ஒக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சிரும். நீ போய் எலியப் பாரு. அப்பா திட்டுவாரு, வாங்கிக்க. அவருக்குத் திட்ட ஒரு ஆள் வேணும், இல்லேன்னா ஒடஞ்சு போயிருவாரு" என்றார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது வரலாம். வரமுடியவில்லை. முப்பதாம் தேதிக்கு முன்னால் நான் வாசலில் வந்து நின்றால் என் முகத்தைப் பார்த்தே பதிலைப் படித்துவிடுவார். அவரிடம் எனக்கு மறைக்கத் தெரியாது. தயவுசெய்து அவரிடம் சொல்லாதீர்கள். அவருக்கு மிச்சமிருப்பது அந்தத் தேதி ஒன்றுதான்.

மருமகள்

---

கடிதம் எண் 3
2013 ஏப்ரல் 11, வியாழக்கிழமை, பிற்பகல் 2.30
பொருள்: தேதி
பார்வை: உன் மார்ச் 30 கடிதம், கிடைத்தது ஏப்ரல் 3

அம்மா,

உன் கடிதத்தைக் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தேன். வெளியே வந்தபோது, "யாருப்பா லெட்டர் போட்டிருக்கா, எலி டாக்டரா?" என்று கேட்டான். குடிநீர் வாரிய ஓய்வூதியர் சங்கம் என்றேன். அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். ஏழு வயதில் அவனுடைய நாய் எங்கே போனது என்று கேட்டபோதுகூட உண்மையைத்தான் சொன்னேன்.

மாடிப்படியில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் இயலாது.

நேற்று டாக்டர் வந்தார். வாசலுக்கு வரும்முன்பே முகத்தில் இருந்தது. "இன்னும் பத்து நாள், பன்னெண்டு நாள்" என்றார். மாத இறுதி என்ற பேச்சே எழவில்லை. அவனோ இன்று காலையும் விரல் மடித்தான். பத்தொன்பது என்றான். கணக்குச் சரி. அவன் பெரும்பாலும் தூங்குகிறான். காலையில் விழித்துச் சற்றுப் பேசுகிறான், பின் மயங்குகிறான், மாலையில் ஒருமுறை விழிக்கிறான். விழித்தது அதே நாளிலா அடுத்த நாளிலா என்பது அவனுக்குத் தெரிவதில்லை, என்னைத்தான் கேட்கிறான். நான் சொல்வதே அவனுக்குத் தேதி.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நாளை முதல் நாளொன்றுக்கு இரண்டு தாள் கிழிப்பேன். காலையில் ஒன்று, அவன் மதியம் மயங்கியபின் ஒன்று. அப்படிச் செய்தால் ஏப்ரல் 21 அன்று இந்த வீட்டில் ஏப்ரல் 30 ஆகிவிடும். அதை அவன் பார்த்துவிட்டுப் போகட்டும்.

எல்லா ஏற்பாடும் செய்துவிட்டேன். செய்தித்தாளை நிறுத்தியாயிற்று. அவன் கைப்பேசியை மின்னூட்டத்துக்கு என்று சொல்லி உள்ளறையில் வைத்துவிட்டேன், அவன் கேட்கவுமில்லை. மாத்திரைப் பெட்டியில் கிழமை எழுதிய மூடிகளைக் கழற்றினேன். பால் கொண்டுவருபவரிடம் அவன் காதுபட நாள் பற்றிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

21 அன்று காலை 9 மணிக்கு நீ என் கைப்பேசியில் அழைக்க வேண்டும். அவன் உன் வாயால் கேட்க விரும்புவான். என்ன சொல்வது என்பதை நீ முடிவு செய்துகொள்.

இப்படிக்கு,
உன் மாமனார்

---

ஏப்ரல் 15, 2013

மாமா,

கூடாது என்று மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒரு தேதிக்கு முன்னால் கதவைத் திறந்து எல்லாவற்றையும் நாசமாக்கிய எனக்கு, உங்களுக்குக் கூடாது என்று சொல்ல என்ன தகுதி இருக்கிறது.

அழைக்கிறேன். முகம் தெரியாதே, குரலைச் சமாளித்துவிடலாம். பொய் சொல்லமாட்டேன். ரத்தக் குழாய் சுருங்கியது உண்மை. அதோடு நிறுத்திக்கொள்வேன்.

அன்றைக்கு மதிய வண்டிக்குச் சீட்டுப் போடட்டுமா? முப்பதாம் தேதிக்கு அப்புறம் நான் வரலாம்தானே?

மருமகள்

---

கடிதம் எண் 4
2013 ஏப்ரல் 30, செவ்வாய்க்கிழமை, காலை 9.05
பொருள்: ஏப்ரல் 21 அன்று நடந்தவை

அம்மா,

நீ இங்கே இருந்த நாட்களில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் கேட்கவில்லை. நீ வந்து சேர்ந்த 22ஆம் தேதி காலையிலிருந்து அவன் கண் திறக்கவே இல்லை. 24, புதன்கிழமை பிற்பகல் 4.10க்கு முடிந்தது. அவன் பேசிய கடைசி நாளில் அவன் பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவனே. ஆகவே அதை உனக்குத் தெரிவிக்க நான் கடமைப்பட்டவன்.

21 அன்று காலை எட்டரைக்கு விழித்தான். "என்ன தேதிப்பா?" என்றான். முப்பது என்றேன். என் குரல் சரியாகவே இருந்தது. தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தான். வட்டம் போட்ட தாள்தான் மேலே இருந்தது. வெகுநேரம் பார்த்தான். பின்பு சன்னலைப் பார்த்தான். பிறகு என்னை.

"செவ்வாக்கெழமதானே?"

"செவ்வாய்தான்."

"பள்ளிக்கூடத்துல சத்தமே இல்லையேப்பா."

அம்மா, அன்று ஞாயிற்றுக்கிழமை. செய்தித்தாளை நிறுத்தினேன், மாத்திரைப் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஐந்நூறு பிள்ளைகளை மறந்துபோனேன். அந்த ஒன்பது நாளும் அவர்கள் எந்த நாளில் கத்தினார்கள், எந்த நாளில் கத்தவில்லை என்பதையெல்லாம் அவன் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறான். அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவன்தான் சொன்னான்.

"லீவு விட்டிருப்பாங்க."

ஆமாம் என்றேன். "ஆமாப்பா, லீவுதான்" என்று அவனே மறுபடியும் சொன்னான். என் கையை எடுத்துத் தன் மார்பின்மேல் வைத்துக்கொண்டான்.

ஒன்பது மணிக்கு நீ அழைத்தாய். கைப்பேசியை அவன் காதில் வைத்துப் பிடித்திருந்தேன். நீ என்ன சொன்னாய் என்பது எனக்குக் கேட்கவில்லை. அவன் சொன்னவை மட்டும் தெரியும். "அப்படியா... பாதிக்குப் பாதியா... ஏய், பெரிய ஆளுதான் நீ... அழாத, நல்ல சேதிக்கு யாராவது அழுவாங்களா... எலிங்களுக்கு என் வாழ்த்தச் சொல்லு." உன்னைச் சிரிக்கவைக்க அவன் பாடுபட்டது என் கண்முன் நடந்தது. நீ சிரித்தாயா என்பதை அறியேன். கைப்பேசியை என்னிடம் தந்தபின், "நல்லா வந்திருக்காம்பா" என்று எனக்கும் சொன்னான். எனக்குத் தெரியாதது போல.

மருந்தை நீட்டினேன். வாய் திறந்து குடித்தான். அதன்பின் அன்று மாலை விழித்தபோது முதல்முறையாக அவன் தேதி கேட்கவில்லை. "தண்ணி" என்று மட்டும் கேட்டான்.

நாம் இருவரும் அவனுக்காக ஒரு நாளை உண்டாக்கிக் கொடுத்ததாக நினைத்தோம். அதை அவன் வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான். நமக்காக வாங்கிக்கொண்டான். நான் தேதியைச் சரியாகச் சொல்லியிருந்தால் இன்னும் ஒன்பது விரல் மடித்திருப்பானோ, அந்த ஒன்பதுக்காக மூச்சைப் பிடித்திருப்பானோ என்ற கேள்வி இருக்கிறது. டாக்டரைக் கேட்டேன், இல்லை என்றார். நம்பவில்லை. எண்ணி வைத்த ஆசை ஒன்று இருந்தது. அதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டது நான்.

உன் ஆய்வகத்தில் புது எலிகள் வந்துவிட்டனவா? எண்ணப்போகும் அந்தப் புது ஆள் யாராக இருந்தாலும், இறுதிவரை அவருக்குச் சொல்லாதே. எவர் வந்து கேட்டாலும். என்னைப் போல ஒரு கிழவன் கடிதம் மேல் கடிதம் போட்டாலும்.

இதை எழுதும்போது பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் கத்துகிறார்கள். சன்னலைச் சாத்தலாம் என்று எழுந்தேன், சாத்தவில்லை.

இப்படிக்கு,
உன் மாமனார்

இணைப்பு:
1. இறப்புச் சான்றிதழ், நகல். (தேதி சரிபார்க்கப்பட்டது.)
2. லிஃப்ட் கதவு திறக்கும் முக்கோணச் சாவி. உனக்குத் தரச் சொன்னான். எதற்கு என்று சொல்லவில்லை.
3. உன் மார்ச் 30 கடிதம். இந்த வீட்டில் அதை வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை.
4. தினசரித் தேதித்தாள்கள், ஏப்ரல் 22 முதல் 29 வரை. அந்தந்த நாள் வருவதற்கு முன்பே கிழிக்கப்பட்டவை.
5. ஏப்ரல் 30, வட்டம் போட்ட தாள்: இணைக்கப்படவில்லை. 21ஆம் தேதிக்குப் பின் நான் எதையும் கிழிக்கவில்லை. அது இன்னும் சுவரில் இருக்கிறது. இன்று ஒரு நாள் அது சரியான தேதி.